முன்பாரம், பின்பாரம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

என் தந்தையார் மாட்டு வண்டி ஓட்டுபவர். நான் ஏழாம் வகுப்பு படிக்கையில் ஒரு நாள், அவர் சூளைக்காரரிடம் கணக்குப் பார்க்கப் போயிருந்த நேரத்தில், வேலை சீக்கிரம் முடியட்டுமென்று செங்கல் முழுவதையும் வண்டியின் பின்புறமே அடுக்கிவிட்டேன். வண்டி நகர்ந்ததுதான் தாமதம், நுகத்தடி மேலே தூக்கியது. பூட்டாங்கயிறு காளைகளின் கழுத்தை நெரித்தது. அப்பா பாய்ந்து வந்து கயிற்றை அவிழ்த்தார். அடிக்கவில்லை. "பாரம் அதிகமில்லடா, வச்ச இடந்தான் தப்பு" என்றார்.

அதன் பொருள் கல்லூரியில் திருப்புத்திறன் பாடம் நடந்தபோதுதான் விளங்கிற்று. சிறு விமானங்களைப் பற்றிப் படித்தபோது அச்சமும் சேர்ந்துகொண்டது.

நான்கு பேர் அமரும் செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்வோம். இன்ஜினுக்குப் பின்னுள்ள தடுப்புச் சுவரிலிருந்து தொலைவை அளக்கிறார்கள். வெற்று விமானம் 1,500 பவுண்டு, அதன் ஈர்ப்பு மையம் 39 அங்குலத்தில் என்று கொள்வோம். முன் இருக்கையில் இருவர் 340 பவுண்டு, 37 அங்குலம். பின் இருக்கையில் ஒருவர் 170 பவுண்டு, 73 அங்குலம். பெட்ரோல் 240 பவுண்டு, 48 அங்குலம். ஒவ்வோர் எடையையும் அதன் தொலைவால் பெருக்கிக் கூட்டினால் 95,010. மொத்த எடை 2,250 பவுண்டு. வகுத்தால் 42.2 அங்குலம். பின் எல்லை 47.3 அங்குலம். ஆகவே பறக்கலாம்!

இந்த மையம் எல்லை தாண்டிப் பின்னால் போனால் மூக்கு மேலெழும், வேகம் குறையும், இறக்கைகள் தூக்கும் வலிமையை இழக்கும். 2001 ஆகஸ்ட் 25 அன்று பகாமாஸ் தீவில், பாடகி ஆலியா சென்ற செஸ்னா 402 விமானம் புறப்பட்டவுடனேயே விழுந்தது. ஒன்பது பேரும் மாண்டனர். ஏறத்தாழ 700 பவுண்டு கூடுதல் சுமை. ஈர்ப்பு மையமும் பின் எல்லைக்கு அப்பால் இருந்ததாக விசாரணையில் தெரிந்தது. ஐந்து நிமிடக் கணக்கு!

சூளைக்காரர் "இன்னும் நூறு கல் ஏத்துய்யா" என்றால் அப்பா மறுத்துவிடுவார். அதனால் சில நாள் கூலியே இல்லாமல் திரும்பியதும் உண்டு. அது பிடிவாதம் என்றே நான் நினைத்திருந்தேன்.

பொங்கல் விடுமுறையில் திண்ணையில் அமர்ந்து, இந்தக் கணக்கு முழுவதையும் அவருக்கு விளக்கினேன். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்தவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தபடி, "இதைத்தானேடா அன்னைக்கே சொன்னேன்!" என்றார்.

நண்பர்களே, அன்று நான் தலைகுனிந்தேன். ஆனால் அந்தப் பாடத்தை இனி மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்க என்னால் முடியாது.