கடலில் கிழித்த கோடு

கடற்கரைப் பங்குகளில் பணியாற்றிய குருக்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. காற்று, நீரோட்டம், மீன்விலை ஆகியவற்றைப் பற்றி நாம் மக்களிடம் பாடம் கேட்போம்; சட்டம் என்று வந்தால் அவர்கள் நம்மிடம் வருவார்கள். "சாமி, பன்னிரண்டு மைலுக்கு அப்பால் கடல் யாருக்குச் சொந்தம்?" என்று ஒரு பெரியவர் நம்மை வினவினார். குருமடத்தில் நாம் பயின்ற திருச்சபைச் சட்டம் அங்கே கைகொடுக்கவில்லை. ஆகவே தேடிப் படிக்கலானோம்.

1982-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையின்படி, கரையிலிருந்து 12 கடல்மைல் வரை அந்நாட்டின் ஆட்சிக்கடல். 200 கடல்மைல் வரை மீன்வளமும் பிற வளங்களும் அந்நாட்டுக்கே உரியவை. ஆயினும் அங்கே எந்நாட்டுக் கலமும் தடையின்றிச் செல்லலாம். இவ்வளவு சொன்னதும் பெரியவர் நிறைவடைந்தார். நமக்குத்தான் நிறைவு ஏற்படவில்லை.

ஏனெனில் சட்ட வல்லுநர் வரைந்த கோடுகளின்மேல் பாதுகாப்பு வல்லுநரும் ஒரு கோடு கிழித்திருந்தனர். சோமாலியக் கடற்கொள்ளையரின் தொல்லை பெருகியபோது, கப்பல் துறையினர் 'மிகுந்த அபாயப் பகுதி' ஒன்றை வகுத்து, அதன் கிழக்கெல்லையை 78 பாகை தீர்க்கரேகை வரை நீட்டினர். கன்னியாகுமரி முனையே அதற்கு மேற்கே உள்ளது! நம் மேற்குக் கரையோரத்து மீனவர் அனைவரும், தாம் அறியாமலே, கொள்ளையர் உலவும் கடலில் வலைவீசுபவர் ஆயினர்.

15-2-2012 அன்று கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல்மைல் தொலைவில், புனித அந்தோணியாரின் பெயர் தாங்கிய விசைப்படகு வந்துகொண்டிருந்தது. படகில் பெரும்பாலோர் உறக்கத்தில் இருந்தனர். 'என்ரிக்கா லெக்ஸி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு நின்ற கடற்படை வீரர்கள், கொள்ளையர் என்று கருதிச் சுட்டனர். இருவர் மாண்டனர். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் நம் குமரி மாவட்டத்தவர்.

பிறகு எட்டாண்டு வாதம். விசாரிக்கும் உரிமை யாருக்கு என்பதே அதன் மையம். கொச்சியிலும் புதுடில்லியிலும் ஹாம்பர்க் கடற்சட்டத் தீர்ப்பாயத்திலும் நடந்த வழக்கு, இறுதியில் ஐவர் கொண்ட நடுவர் குழுவிடம் சென்றது. வீரர்கள் அரசு அலுவலராதலால் இந்தியா அவர்களைத் தண்டிக்கலாகாது என்று 2020-இல் மூவர் தீர்மானித்தனர்; இருவர் மறுத்தனர். மறுத்தவர் பக்கமே நம் மனம் சாய்கிறது. ஆயினும் அத்தீர்ப்பின் மறுபாதியை நம் மக்கள் அறியவேண்டும்: அப்படகின் கடற்பயணச் சுதந்திரத்தை இத்தாலி மீறிவிட்டது, ஆகவே இழப்பீடு தரக் கடமைப்பட்டுள்ளது என்றும் அக்குழு கூறிற்று. எண்ணெய்க் கப்பலுக்கு உள்ள அதே சுதந்திரம் மீன்படகுக்கும் உண்டு என்று ஆயிற்றல்லவா?

இத்தாலி 10 கோடி ரூபாய் செலுத்தியது. 2021-இல் நம் உச்சநீதிமன்றம் வழக்கை முடித்து, மாண்டோர் குடும்பங்களுக்குத் தலா 4 கோடியும் படகின் உரிமையாளருக்கு 2 கோடியும் ஒதுக்கிற்று. வீரர்கள்மீது தம் நாட்டிலும் தண்டனை வரவில்லை. 2022-இல் அங்கும் வழக்கு கைவிடப்பட்டது.

அபாயப் பகுதியின் எல்லை 2015-இல் 65 பாகைக்குப் பின்வாங்கியது. 2023 தொடக்கத்தில் அப்பகுதியே நீக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னர்தான், குண்டுமழையில் உயிர் தப்பிய ஒன்பது மீனவருக்கும், உரிமையாளரின் பங்கிலிருந்து தலா 5 லட்சம் வழங்க உத்தரவாயிற்று.