பேசாத தொலைபேசி

பழைய தொலைபேசிக்கு ஓர் அருங்குணம் இருந்தது. ஊரெங்கும் மின்சாரம் நின்றபோதும் அது பேசும். தொலைபேசி நிலையத்திலிருந்து வந்த செப்புக் கம்பி, குரலோடு அக்கருவிக்கு வேண்டிய சிறு மின்வலுவையும் சுமந்து வந்தமையே அதற்குக் காரணம்.

இன்று பல வீடுகளுக்கு வந்திருப்பது கண்ணாடி இழை. தூய கண்ணாடியினூடே ஒளி நெடுந்தூரம் செல்லக்கூடுமென்று 1966இல் எடுத்துக்காட்டிய அறிஞர் சார்ள்ஸ் காவோ, 2009இல் நோபெல் பரிசு பெற்றார். ஆனால், கண்ணாடி ஒளியைச் சுமக்குமேயன்றி மின்சாரத்தைச் சுமக்காது. ஆதலால் வீட்டில் மின்சாரம் நின்றதும் இணையத்தோடு தொலைபேசியும் ஊமையாகிவிடுகின்றது.

என் தாயார் எண்பதைக் கடந்தவர். கைத்தொலைபேசி அவருக்குப் பழக்கப்படவில்லை. மேசைத் தொலைபேசியே அவருக்கு வெளியுலகம். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, அவ்வுலகின் கதவும் அடைபட்டது. அதன்பின் எங்கள் வீட்டுப் பெட்டிக்குச் சிறியதொரு மின்கலத் துணை வாங்கி வைத்தோம். பெட்டியின் மின்னிணைப்பில் குறித்துள்ள வோல்ற்றளவுக்கு அது பொருந்துதல் வேண்டும். வீதியில் இழைகளைப் பிரிக்கும் கருவிகளுக்கு மின்சாரம் தேவையில்லை. ஆகவே நிலையத்திலும் மின்கலத்திலும் மின்வலு உள்ளவரை, வீட்டிலும் பேச்சு நிலைக்கும்.

மின்சாரம் இருந்தும் தொடர்பு இல்லையெனின், பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். எந்த விளக்கும் எரியாவிடின், குறை மின்னிணைப்பில் இருக்கக்கூடும். 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவந்து எரியுமாயின், ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். அலுமாரியின் அடியில் இழை நசுங்கியுள்ளதா, மூலையில் இறுக மடிந்துள்ளதா என்று நோக்குக. மடிப்பில் ஒளி கசிந்துவிடும். மடிப்பை மெதுவாக நிமிர்த்தலாம். இழையைக் கழற்றி முனையைக் கண்ணால் பார்த்தல் மட்டும் ஆகாது. அவ்வொளி கண்ணுக்குத் தெரியாதெனினும் கண்ணுக்குத் தீங்கு செய்யவல்லது. நிமிர்த்திய பின்னும் சிவப்பு மாறாவிடின், நிறுவனத்தாருக்கு அறிவித்தலே வழி.

'பி.ஓ.என்.' விளக்கு அசையாது எரிந்தால் ஒளி வந்து சேருகின்றது. அப்போது தொலைபேசி மட்டும் பேசாவிடின், அதன் வயரையும் செருகியையும் சோதிக்க வேண்டும். வயர் வழியே இணையம் கிடைத்து, வைபை மட்டும் தளர்ந்தால், தடித்த சுவர்களையும் தூரத்தையும் ஐயுறலாம். பெட்டியை ஒரு நிமிடம் நிறுத்தி மீண்டும் இயக்கிப் பார்த்தலில் தவறில்லை. ஆயின் சிறு துவாரத்தினுள் இருக்கும் 'ரீசெற்' பொத்தானைத் தொடவேண்டாம். அது நிறுவனத்தார் அமைத்த ஒழுங்குகளையே அழித்துவிடக்கூடும்.

மாணவர்களே, வீட்டில் முதியோர் இருப்பின் இவ்விளக்குகளின் பொருளைப் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டியருகே ஒட்டிவையுங்கள். நீங்கள் இணையத்திலே தேடுவது பாடமாயிருக்கலாம். அவர்கள் அதே இழையிலே தேடுவது தூரத்துப் பிள்ளையின் குரலை.