வந்து போகிற நோ

எங்கட அம்மாவின் மூட்டு நோவுக்கு ஒரு குணம்: டொக்டரைக் கண்டால் ஓடிவிடும். முதல்நாள் மணிக்கட்டு வீங்கி, தேங்காய் துருவ ஏலாமல் இருந்திருப்பா. துணுக்காயிலிருந்து பஸ் பிடித்துக் கிளினிக் போய்ச் சேர வீக்கமே இராது. இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. களை பிடுங்கிற நேரத்தில் வந்தால் ஊர் அதற்கு வைக்கிற பெயர் 'சாட்டு'.

மருத்துவத்தில் வேறு பெயர் இருக்கிறது. இப்படிச் சில மணித்தியாலமோ சில நாளோ வீங்கி, அடையாளமே இல்லாமல் வற்றுகிற வாதத்துக்கு 1940களில் ஹென்ச், ரோசன்பேர்க் என்ற அமெரிக்க மருத்துவர்கள் 'பலின்ட்ரோமிக்' என்று பெயர் வைத்தார்கள். திரும்பி ஓடுவது என்று அர்த்தம். 'விகடகவி' மாதிரிச் சொற்களுக்கான ஆங்கிலப் பெயருக்கும் அதே கிரேக்க வேர்தான். (கலைப்பீடத்துப் பிள்ளைகள் எங்களுக்கு நோயைவிடச் சொல்தான் முதலில் பிடிபட்டது.) சிலருக்கு இது பிறகு முடக்குவாதமாக மாறும் என்பதால் சும்மா விடவும் ஏலாது. சிக்குன்குன்யா காய்ச்சலுக்குப் பிறகும் மூட்டு நோ மாதக்கணக்கில் வந்து வந்து போகும்.

அம்மாவுக்கு இதில் எது என்று இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை. சாட்டு இல்லை என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். இப்ப வீங்கின உடனே போனில் படம் எடுக்கிறம். எந்த மூட்டு, எத்தனை மணி என்று கலண்டரில் எழுதுறம். போன மாதம் மட்டும் நாலு படம்: மூன்று வலது மணிக்கட்டு, ஒன்று இடது முழங்கால்.