கார் இல்லாமல் சென்னை, கையில் நாலு வயசுப் பேத்தி

மண் மாதிரி எடுப்பது பற்றிக் கேட்டிருந்த வாசகர் ஒருவர், கடிதத்தின் கடைசியில் இன்னொன்றும் கேட்டிருந்தார். ‘பள்ளி லீவில் பேரனுக்குச் சென்னையைக் காட்ட வேண்டும். வாடகைக் காருக்கு ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் கேட்கிறார்கள். கார் இல்லாமல் சின்னப் பிள்ளையோடு சுற்ற முடியுமா?’ இது வேளாண்மை அலுவலரிடம் கேட்கிற கேள்வியா என்று சிரித்துக்கொண்டேன். ஆனால், போன ஏப்ரலில் நானும் என் மனைவியும் மகன் வழிப் பேத்தியோடு அப்படித்தான் இரண்டு நாள் சுற்றினோம். முடியும். முதல் நாள் நான் செய்த தவறை மட்டும் நீங்கள் செய்துவிடாதீர்கள்.

திருச்சியில் இரவு ரயில் ஏறினோம். பேத்திக்கு மின்சார ரயில் காட்டுவதற்காகவே விடிகாலையில் தாம்பரத்தில் இறங்கிக்கொண்டோம். தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே 1931-லிருந்து ஓடுகிற ரயில் அது. குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய்தான். ஐந்து வயதுக்குள் இருந்தால் டிக்கெட்டே வேண்டாம். தென்மாவட்டப் பேருந்தில் வருபவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்கி, மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்து இதே ரயிலைப் பிடிக்கலாம்.

தங்கியது எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு லாட்ஜ். ‘தள்ளிப் போனால் 300 ரூபாய் குறையுமே’ என்றாள் மனைவி. நல்லவேளை, நான் கேட்கவில்லை.

முதல் நாள் அரசு அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கியது. நாங்கள் செப்புச் சிலைகளைப் பார்க்க, பேத்தி திமிங்கல எலும்புக்கூட்டை விட்டு நகர மாட்டேன் என்றாள். ‘இது என்ன சாப்பிடும், தாத்தா?’ என்று பத்து முறை கேட்டாள். அதோடு லாட்ஜுக்குத் திரும்பியிருக்க வேண்டும். எனக்குப் பேராசை. மாம்பலம் நாலாவது ஸ்டேஷன்தானே, ஸ்டேஷனை விட்டு இறங்கினால் ரங்கநாதன் தெரு, அப்பாயிக்கு ஒரு புடவை எடுத்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

புடவை எடுத்து வெளியே வரும்போது மணி ஒன்று. அரசு சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் டிக்கெட் இல்லை. அதிலேயே போகலாம் என்று நிழல் இல்லாத நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். காலையிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்தியிருந்தாள். சமர்த்தாகிவிட்டாள் என்று நினைத்தேன். மனைவிதான் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். ‘ஏங்க, காலையில ரயில்ல போனதுதான். அப்புறம் புள்ள ஒண்ணுக்கே போகல!’

எனக்குக் கைகால் ஓடவில்லை. நாற்றைப் பறித்து உச்சி வெயிலில் போட்டு வைக்காதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிகிறவன் நான். சின்னப் பிள்ளைகளுக்கு உடம்பின் எடையோடு பார்த்தால் தோல் பரப்பு அதிகம், வெப்பம் சீக்கிரம் ஏறும். வியர்த்துக் குளிர்கிற சக்தியும் நம்மைவிடக் குறைவு. போதாததற்கு, தார் ரோட்டின் அனல் நம் முழங்காலுக்கு அடிக்கும்போது அவர்கள் முகத்துக்கு அடிக்கிறது. சென்னையில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது.

ஆட்டோ பிடித்து லாட்ஜுக்கு ஓடினோம். ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிய ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பையில் இருந்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தபடி ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தாள் மனைவி. பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலை தட்டி அளந்து போடுங்கள். உப்பு கூடிவிடக் கூடாது. பிள்ளை வாந்தி எடுத்தாலோ, எழுப்பினால் விழிக்காவிட்டாலோ இதெல்லாம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான். நாலரை மணிக்கு ‘தாத்தா, ஒண்ணுக்கு’ என்றாள். பாத்ரூம் வாசலில் நின்று என் மனைவி அழுதுவிட்டாள்.

மறுநாள் திட்டத்தை மாற்றினோம். ஐந்தரைக்கே எழும்பூரில் மெட்ரோ ஏறி, வண்டி மாறாமல் கோயம்பேடு போனோம். மெட்ரோவில் வயது கணக்கில்லை, உயரம்தான். பேத்தி 3 அடியைத் தாண்டிவிட்டதால் டிக்கெட் எடுத்தோம். நம் காய், பழம் எல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது என்று விவசாயி வீட்டுப் பிள்ளைகள் ஒருமுறை பார்த்துவிட வேண்டிய சந்தை அது. ஆனால் தோளில் தூக்கிக்கொள்ளுங்கள், மூட்டை தூக்குபவர்கள் பாதையில் பிள்ளையை நடக்க விடாதீர்கள். மலை போலக் குவிந்திருந்த வாழைத்தாரைப் பார்த்துவிட்டு, ‘நம்ம தார் எது?’ என்று தேட ஆரம்பித்துவிட்டாள். ஒன்பது மணிக்கெல்லாம் லாட்ஜில் இட்லி, பிறகு தூக்கம்.

நாலு மணிக்கு மேல் மெரினா. எழும்பூரிலிருந்து பூங்கா ஸ்டேஷன், பக்கத்திலேயே பூங்கா நகரில் பறக்கும் ரயில், கலங்கரை விளக்கத்தில் இறங்கினால் கொஞ்ச தூரம் நடை. படிகள் அதிகம், பிள்ளையைத் தூக்கத்தான் வேண்டும். தரை சூடேறி அதன் மேல் உள்ள காற்று எழும்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். மதியத்துக்கு மேல் வரும் அந்தக் காற்றுதான் கோடையில் சென்னையைக் காப்பாற்றுகிறது. அலையில் கால் நனைக்கும்போது பிள்ளையின் கையை விடவே கூடாது. அங்கே இழுப்பு அதிகம்.

இரண்டு நாளும் மூன்று பேருக்கும் ரயில், மெட்ரோ, ஆட்டோ எல்லாம் சேர்த்து 600 ரூபாய்க்குள்தான். அதில் பெரும்பகுதி அந்த ஒரு ஆட்டோவுக்கு. அதைச் செலவாகவே நான் எழுதவில்லை. நீங்களும் ஆட்டோவுக்கென்று 500 ரூபாயைத் தனியாக முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை, செவ்வாய்க்கிழமை கிண்டி சிறுவர் பூங்கா விடுமுறை. அதைப் பார்த்து ரயில் டிக்கெட் போடுங்கள்.

மண் மாதிரி பற்றிய பதில் கேள்வி-பதில் பகுதியில் இருக்கிறது.