பல்லாவரத்து ஈமப்பேழை

அஸ்தினாபுரத்திலிருந்து குரோம்பேட்டை நிலையம் வந்து மின்சார ரயிலேறினால், அடுத்த நிறுத்தம் பல்லாவரம். நாள்தோறும் நாம் கடந்து செல்லும் இந்தச் சிறு தொலைவில்தான் இந்தியத் தொல்லியலின் முதல் ஏடுகள் எழுதப்பட்டன என்பதைப் பலர் அறியார். 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலறிஞர் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது இங்கேதான். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அலெக்சாந்தர் ரீ இப்பல்லாவரத்துக் குன்றுப் பகுதியில் அகழ்ந்தபோது, சுடுமண்ணாலான ஈமப்பேழை வெளிப்பட்டது.

சென்ற கோடை விடுமுறையில் மக்தப் பிள்ளைகளுடன் எழும்பூர் அருங்காட்சியகம் சென்றிருந்தேன். இத்தகைய பேழைகளை அங்கே காணலாம். நீண்ட தொட்டி போன்ற உடல். அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள். இரும்புக் கால மக்கள் இறந்தோரின் எலும்புகளை இதிலிட்டு, மண்கலங்களையும் உடன் வைத்துப் புதைத்தனர்.

ஒரு சிறுமி கேட்டாள்: "ஹஜ்ரத், மையித்தைத் தோண்டி எடுப்பது கூடுமா?"

உடனே விடை சொல்ல நா எழவில்லை. எகிப்தின் நினைவு வந்தது. பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு மன்னனின் தாயார் ஹெட்டெப்ஹெரெஸ். அவருக்குரிய நிலவறை 1925-இல் கீஸாவில் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ 27 மீட்டர் ஆழம். பொன் தகடு போர்த்திய கட்டில், நாற்காலி, வெள்ளி வளையல்கள் எல்லாம் உள்ளே இருந்தன. 1927-இல் மூடிய கற்பேழையைத் திறந்தார்கள். அது வெறுமையாக இருந்தது! மலையளவு கல்லடுக்கிய மன்னனாலும் தாயின் உடலைக் காக்க இயலவில்லை.

ஃபிர்அவ்னின் துணைவியார் ஆஸியா அம்மையாரோ, அரண்மனையில் இருந்துகொண்டே தம் இறைவனிடம் சுவனத்தில் ஒரு வீட்டை வேண்டியவர். இரு அரசியர், இரு வீடுகள். எது நிலைத்தது என்று பிள்ளைகளிடம் கேட்டேன்.

பின்னர் அச்சிறுமிக்குச் சொன்னேன்: "முன்சென்றோரின் முடிவைப் பூமியில் சுற்றிப் பார்க்குமாறு நம் வேதம் அழைக்கிறது. இறந்தோரின் எலும்பையும் மதிக்குமாறு நாயகம் (ஸல்) கற்பித்தார்கள். ஆகவே அறிவதற்காகத் தோண்டலாம். அவமதிக்கத் தோண்டலாகாது, மகளே."

ஆயினும் இவ்வினா அத்துடன் முடியவில்லை. தொன்மைச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற வேண்டும் என்பது 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். பல்லாவரத்தில் வாழும் என் உறவினர் ஒருவர், மகளின் நிக்காஹ்வுக்கு முன் மாடியில் ஓர் அறை எழுப்ப எண்ணி, இவ்விதியால் முடியாமல் நின்றார். "இறந்தவருக்கு இடமுண்டு, இருப்பவருக்கு இல்லையா?" என்று அவர் வருந்தியதைத் தவறென்று சொல்ல என்னால் இயலவில்லை. பெயரறியா அம்மூதாதையரின் உறக்கம் முக்கியம். அவர் மகளின் வாழ்வும் முக்கியம். இரண்டையும் எண்ணிப் பார்த்து வழிகாண்பதே நீதி.

திரும்பும்போது ரயில் பல்லாவரத்தைக் கடந்தது. பிள்ளைகள் சன்னல் வழியே குன்றைத் தேடினர். ஊர் மையவாடியில் ஒரு முழத் துணியும் சிறிது மண்ணுமே நமக்குக் காத்திருக்கின்றன. பேழையுமில்லை, பொன்னுமில்லை. உடன் வருவது அமல் மட்டுமே. அதை அழகாக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.