கடல் கடக்க ஒரு கணக்கு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில் கிருஷ்ணன்கோவில் இருக்கிறதல்லவா? அவ்வூர் உபாத்தியாயர் அயல்நாட்டு யாத்திரைக்குத் திட்டமிட்டால் நேயர்கள் நகைக்கலாகாது. ஆசை நமதன்று, தாயாருடையது. அவருடைய தகப்பனார் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து அங்கேயே மாண்டவர். அந்த மலையை ஒரு தரம் பார்த்துவிட வேண்டுமாம்.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற கப்பல் 1964 டிசம்பர்ப் புயலோடு போயிற்று. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டபோது துள்ளினோம். சில நாட்களிலேயே மழைக்காலத்தை முன்னிட்டு நிறுத்தி, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கினார்கள். சுமார் 110 கிலோமீட்டர்தான். ஆனால் நாகைக்குப் பஸ், ஓர் இரவு விடுதி, யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு நாள் முழுதும் பிரயாணம்! எழுபது வயது முழங்கால் இணங்குமா? மதுரையிலிருந்து கொழும்புக்கு ஆகாய விமானம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதையே எழுதினோம். பாஸ்போர்ட்டுக்கு ஆளுக்கு 1,500 ரூபாய். தாயாருக்கு வயதை முன்னிட்டுப் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. அடடா, என்ன தாராளம்!

கூட்டிப் பார்த்தால், சீட்டுப் பணம் இருவருக்குத்தான் காணும். மனைவி பென்சிலை வாங்கித் தன் பெயரைத் தானே அடித்தாள்.

"அத்தையை நீங்கள் அழைத்துப் போங்கள். அரைக் கிலோ பால்கோவாவும் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே நம் ஜனங்கள் யாராவது இருப்பார்கள்" என்றாள்.

எழுதிக்கொண்டோம்.