போட்டோ இல்லாத முகங்கள்

ஆமிஷ் மக்களைத் தெரியுமா? சொந்தமா கார் வெச்சுக்காத, போட்டோவுக்கு நிற்காத அமெரிக்கக் கிறிஸ்தவப் பிரிவினர். 2014 ஆகஸ்ட் 13 அன்று, நியூயார்க் மாநிலத்தின் ஒஸ்வெகாச்சியில், சாலையோரக் காய்கறிக் கடையில் நின்ற ஆமிஷ் சகோதரிகளைக் கடத்திட்டாங்க. வயசு 12, 7.

தேடுவதற்கு ஒரு போட்டோகூட இல்லை. மூத்தவளை மட்டும் ஓவியர் வரைந்தார்.

மறுநாள் கடத்தியவர்களே இறக்கிவிட, சிறுமிகள் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வீட்டுக்காரருக்கு உடனே அடையாளம் தெரிஞ்சது. அந்தக் கடையில் சோளம் வாங்கியவர் அவர்! அவரே வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

என் போனில் என் முகம் நூற்றுக்கணக்கில் இருக்கு. அதைப் பார்க்காமலே, "இவன் இன்னார் வீட்டுப் பையன்"னு சொல்ல எத்தனை பேர் இருக்காங்க? எண்ணத் தொடங்கினேன். ஒரு கை விரலே போதுமானதா இருந்தது.